இணைப்பில் இல்லை

சுவரில் இருந்த எண் மறுபடியும் பதினான்குக்கு இறங்கியிருந்தது.

காலையில்தான் சுகந்தி அதை இருபத்தொன்றில் வைத்தாள்.

சோபாவில் இனியா குளிர்கோட்டோடு உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. மூக்கின் நுனி சிவந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே வின்னிபெக் நகரம் பனியில் வெள்ளையாகக் கிடந்தது.

சுகந்தி கணவனைப் போனில் கூப்பிட்டாள். சுதாகர் வேலை விஷயமாகக் கால்கரி போயிருந்தான்.

"மறுபடியும் வைஃபை விட்டுப்போயிருக்கும். அப்படி ஆனா ஹீட் தானா குறைஞ்சிரும்னு சொல்லியிருக்கேன்ல? ரூட்டரை ஆஃப் பண்ணு. கொஞ்ச நேரம் விட்டுப் போடு. அப்புறம் தெர்மோஸ்டாட்ல பாஸ்வேர்டைக் குடு."

பொறுமையாகச் சொன்னான். எப்போதும் பொறுமையாகத்தான் சொல்வான்.

சுவரில் வீட்டின் சூட்டை வைக்கும் அந்தத் தெர்மோஸ்டாட்டுக்கான ஆப் அவன் போனில் மட்டும்தான் இருந்தது. உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி என்று முதலிலேயே சொல்லிவிட்டான். இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் செய்ததெல்லாம் இதுதான். ரூட்டரைப் பிடுங்குவது. செருகுவது. சுவரோரம் நின்று, அந்தச் சின்ன வட்டத்தைத் திருகித் திருகி, பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகத் தேர்ந்தெடுப்பது.

பாஸ்வேர்ட் அவன் பெயர்தான்.

ரூட்டரைப் பிடுங்கினாள். வட்டத்தைத் திருகி இருபத்தொன்றில் வைத்தாள். அதற்குள் இனியா பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். கம்பளம், கோட்டு, பொம்மை எல்லாம் பால். துடைத்து, உடை மாற்றி, கம்பளத்தைச் சுருட்டிக் குளியலறையில் போட்டு வந்தாள்.

ரூட்டரை மறந்தே போனாள்.

தரையோரக் கம்பிவலை வழியாக வெதுவெதுப்பான காற்று வந்துகொண்டிருந்தது.

அவள் அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

சுவரில் வீட்டுச் சூடு பதினேழு. பிறகு பதினெட்டு. இருபத்தொன்று வரைக்கும் ஏறி, அங்கேயே நின்றது.

ரூட்டர் இன்னும் அணைந்துதான் கிடந்தது.

அவள் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து பிளக்கைச் செருகினாள். பாஸ்வேர்டைக்கூடக் கொடுக்கவில்லை. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. தெர்மோஸ்டாட் தானாகவே போய் இணைந்துகொண்டது.

சுவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

ஒன்றும் ஆகவில்லை. வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று தன்னைத் தானே திட்டிக்கொள்ளப் போனாள்.

அவள் வைத்திருந்த எண் இறங்கியது. இருபது.

பத்தொன்பது.

பதினெட்டு.

ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. யாரோ விரலை எடுத்து எடுத்து அழுத்துவதுபோல.

பதினைந்தில் நின்றது. யோசிப்பதுபோல நின்றது. பிறகு பன்னிரண்டுக்குப் போனது.

கம்பிவலையில் காற்று நின்றுவிட்டது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

நூலகத்துக்குப் போய்விட்டு அவன் போனை எடுக்காமல் விட்ட நாள். அன்று வீடு உறைந்து கிடந்தது. அக்காவுடன் பேசியதை அவனிடம் சொல்லாத நாள். அன்றும். நேற்று, பேக்கரியில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவனிடம் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். பாக்கலாம் என்றான். இரவு முழுக்க இனியா இருமினாள்.

ஒவ்வொரு முறையும் அவனையே கூப்பிட்டிருக்கிறாள். என்னங்க, குளிருதுங்க, என்ன செய்யட்டும் என்று.

அவனும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

எழுந்துபோய் ரூட்டரைப் பிடுங்கினாள். பிளக்கைக் கையிலேயே வைத்திருந்தாள். மறு கையால் வட்டத்தை இருபத்தொன்றுக்குத் திருகினாள்.

போன் அடித்தது.

"ஆஃப்லைன்னு காட்டுது."

"ஆமா."

"ரூட்டரைப் போட்டியா?"

"போட்டேங்க. வரமாட்டேங்குது."

அவனிடம் அவள் சொன்ன முதல் பொய். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.



"இப்பதான் கொஞ்ச நேரம் வந்துச்சே, சுகந்தி."

அவள் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தாள்.

"சரி விடு. உனக்குப் புரியாது. காலைல முதல் ஃபிளைட்ல கிளம்பி வரேன். நானே நேர்ல வந்து சரி பண்றேன்."

கோபமே இல்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோல அவ்வளவு மென்மையாகச் சொன்னான். திருமணமான வருடம் ஒருமுறை இதே மென்மையோடு கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். அவளுடைய இடது காதில் இன்றும் பாதிதான் கேட்கும்.

போனை அணைத்து மேசைமேல் வைத்தாள்.

பாஸ்போர்ட்டுகள். இருமல் மருந்து. இனியாவின் இரண்டு செட் உடைகள். இன்னும் ஈரமாக இருந்த பொம்மை. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள்.

வீடு நன்றாகச் சூடேறியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. இனியாவைப் பிடித்து நிறுத்தி, கம்பளிச் சட்டை, பனிக் கால்சட்டை, பூட்ஸ், கையுறை என்று ஒவ்வொன்றாக மாட்டினாள். பால் படாத பழைய கோட்டைப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்தாள்.

"அம்மா, வேர்க்குது."

"கொஞ்சம் பொறுத்துக்கோடா."

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த வீட்டு மாலினி அக்காவோடு அவளுக்குத் தெருவில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. இனியாவைத் தூக்கிக்கொண்டு, பனியில் கால் புதைய நடந்துபோய் அந்தக் கதவைத் தட்டினாள்.

மாலினி அக்கா கையில் மாவோடு வந்து திறந்தாள். குழந்தையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"என்ன தங்கச்சி, வீட்டில ஹீட்டர் பழுதாப் போச்சோ?"

"இல்லக்கா," என்றாள். "நல்லா வேலை செய்யுது."



மாலினி அக்கா அவள் தோளுக்குப் பின்னால், விளக்கெரியும் அந்த வீட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு மாவுக் கையோடு குழந்தையை வாங்கிக்கொண்டு, இருவரையும் உள்ளே விட்டு, கதவின் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள்.