காதுப் பொத்தான்

காலை ஆறு இருபதுக்கு ஜெசிந்தா காதில் பொத்தானை மாட்டினாள். அவள் மனம் அசையும்போதெல்லாம் அந்த உணர்வுக்குரிய கடினமான ஆங்கிலச் சொல்லை அது அவளுக்கு மட்டும் சொல்லும். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு எல்லோரும் இப்படித்தான் படித்தார்கள். உணர்ந்து கற்ற சொல் மறப்பதில்லை.

கணவன் இருதயராஜுக்கு இது விளையாட்டு. காபியைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன சொல்லுது?”

“பேரானந்தமாம்.”

“பொய். நான் சர்க்கரையே போடலை.”

“சரிங்க. சகிப்புத்தன்மை.”

இருவரும் சிரித்தார்கள். மூன்று மாதமாக எந்தச் சொல்லையும் அவள் கடைசிவரை மறைத்ததில்லை.

அவன் தன் டம்ளரைக் கீழே வைத்தான். “துறைமுகத்துல லீவு இல்லைன்னுட்டாங்க. தேர்வுல நீ பாஸானா, கனடாவுல படிக்கிற ரெண்டு வருஷமும் தனியாத்தான் இருக்கணும், ஜெசி.”

பொத்தான் நிம்மதியைக் குறிக்கும் ஒரு சொல்லைச் சொன்னது. அவள் அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு அது பிடித்திருந்தது. கையை விடாமலே கேட்டான்.

“இப்ப அது என்ன சொல்லுச்சு?”