சித்தப்பா அனுப்பிய படம்

கொல்லையில் சாமை அறுக்கும்போது அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பாதி மலை இறங்கியிருந்தோம். கூட அறுத்துக்கொண்டிருந்த சித்தப்பா, வாட்ஸ்அப்பில் பாம்பின் படத்தை அனுப்பினார்.

மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் கற்றபடி, அந்தப் படத்தை வைத்து இணையத்தில் தேடினேன். 'விஷமில்லாதது' என்று வந்தது. எனக்கு என்மேல் நம்பிக்கை குறைவு. வேறு இரண்டு தளங்களிலும் தேடினேன். அதே பதில்தான்.

"அப்புறம் இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? வண்டிய திருப்பு பாஷா," என்றார் அப்பா.

டிரைவர் பாஷா என்னைப் பார்த்தார். "நெசந்தானா பாப்பா?"

"மூணு எடத்துல பாத்துட்டேண்ணா."

ஆட்டோ திரும்பி மேலே ஏறியது. சிறிது நேரத்தில் அப்பா என் தோளில் சாய்ந்தார். "கண்ணத் தொறக்க முடியலம்மா. ராத்திரி பன்னிக் காவலுக்குப் போனேன்ல, அதான்."

நல்ல செய்தியைச் சொல்லச் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "நல்லவேள, பாம்ப போட்டோ எடுத்தீங்க சித்தப்பா."

"நான் எங்கம்மா எடுத்தேன்? அது அப்பவே பொதருக்குள்ள பூந்துடுச்சே! ஆஸ்பத்திரில கேப்பாங்கன்னு, அதே மாதிரி ஒண்ண நெட்டுல தேடி அனுப்புனேன். டாக்டர் இன்னா சொன்னாரு?"