எதிரிக்கு வயதான தாயார் இருக்கிறார்

"அழுங்கம்மா, தப்பில்ல. ஆனா நான் பேசும்போது மட்டும் அழுங்க," என்று தபீதாளம்மாவிடம் மறுபடியும் சொன்னேன்.

தாம்பரம் கோர்ட்டு வராந்தாவில் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தோம். நான் அந்தம்மாவின் மகன் ஜோஷ்வாவுக்கு வக்கீல்.

கோர்ட்டு பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர். அந்த எதிரிக்கு ஒரு வயதான தாய் இருந்துவிட்டால் வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம். பழைய சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். நடுவர் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் நிற்கச் சொல்லியிருந்தேன். இந்த வித்தையில் என் கிட்டே ஒருத்தன் நெருங்க முடியாது.

ஜோஷ்வா பெண்டாட்டியின் வலது கையை முறுக்கி இரண்டு இடத்தில் உடைத்திருந்தான். கிறிஸ்டினா பம்மலில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை பார்த்தவள். இப்போது அந்தக் கையால் தலைகூட வாரிக்கொள்ள முடியாது.

மாமியார், மருமகள், ஆறாவது படிக்கிற பேத்தி, மூன்று பேரும் அனகாபுத்தூரில் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஜாமீனில் வந்த ஜோஷ்வா அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டக்கூடாது என்று நிபந்தனை.

கை உடைந்த நேரத்தில் தபீதாளம்மா ஜெபக் கூட்டத்தில் இருந்தார். அதனால் அவரைச் சாட்சியாகப் போடவில்லை. எங்கள் அதிர்ஷ்டம்.

"சார், இந்த கோர்ட்டுல எத்தினி வருசம் சார் குடுப்பாங்கோ?"

ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதே கேள்விதான். பாவம், பெத்த வயிறு.

எனக்கும் விளக்கம் சொல்வதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"இங்க மூணு வருஷத்துக்கு மேல குடுக்க பவர் இல்லம்மா. செங்கல்பட்டுல தலைமை நடுவர் இருக்கார், அவர் ஏழு வரைக்கும் குடுக்கலாம். அதுக்கு மேல செஷன்ஸ் ஜட்ஜ். ஆயுள், தூக்கு எல்லாம் அவர் கையில. தூக்குன்னா மட்டும் ஹைகோர்ட்டு சரின்னு சொல்லணும். நம்ம கேஸு அங்கெல்லாம் போகாது."

"செங்கல்பட்டுக்கும் போவாதா சார்?"

"மூணு வருஷம் பத்தாதுன்னு இந்த நடுவரே எழுதி அனுப்பினாதான் போகும். நான் எதுக்கும்மா இருக்கேன்? முதல் தப்பு, வயசான அம்மா இருக்காங்கன்னு பேசி ஆறு மாசத்துல முடிச்சுடறேன். கிறிஸ்துமஸுக்கு உங்க பிள்ளை உங்க வீட்ல இருப்பான். போதுமா?"

அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பேஷ், இதையே உள்ளே வந்தும் செய்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

கூப்பிட்டார்கள்.

நடுவர் சின்ன வயதுப் பெண். அதிகம் பேசமாட்டார். எதிரியைக் குற்றவாளி என்றே கருதுவதாகச் சொல்லிவிட்டு, தண்டனையைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். கூண்டுக்குள் ஜோஷ்வா நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்றான். கிறிஸ்டினா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஆரம்பித்தேன். "எதிரிக்கு வயதான தாயார் இருக்கிறார். அவருக்கு இவன் ஒருவன்தான் ஆதரவு. இதோ நிற்கிறார், பாருங்கம்மா."

நடுவர் பார்த்தார். வழக்கமாகப் பார்ப்பதோடு சரி. அன்றைக்கு என்ன தோன்றியதோ, "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

தபீதாளம்மா முன்னால் வந்து கைகூப்பினார்.

"மூணு வருசம் பத்தாதும்மா."

டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மருமவள இவன் அடிக்கச்சொல்லோ என் பேத்தி குறுக்க போயி விழுவுது. வெளிய வந்தான்னா அடுத்தது அதோட கைதாம்மா. செங்கல்பட்டுக்கு அனுப்பிடுங்க. அங்க ஏழு வருசம் கீதாம். அதுக்குள்ள புள்ள படிச்சு முடிச்சிரும். ஆத்தாள இட்டுகினு எங்கனா போயி பொழச்சிக்கும்."

"யம்மா!" என்று கூண்டிலிருந்து ஜோஷ்வா கத்தினான்.

அந்தம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அழுதார். நெஞ்சில் அடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் அழுதார். கடைசி பெஞ்சிலிருந்து கிறிஸ்டினா எழுந்து வந்து, நல்ல கையால் மாமியாரைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பயத்தில் கேட்கிறார் என்றல்லவா நான் நினைத்தேன்! இத்தனை நாளாக என்னிடம் வழி கேட்டிருக்கிறார். நானும் எந்த பஸ் எங்கே போகும் என்பது மாதிரி விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நடுவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எதிரி தரப்பில் மேற்கொண்டு ஏதாவது சொல்லணுமா, சார்?"

சொல்ல நிறைய இருந்தது. இதுதான் அவனுக்கு முதல் வழக்கு. பெற்ற தாயே ஆனாலும் தண்டனையைக் கூட்டச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. இந்தக் குற்றத்துக்கு மூன்று வருடமே தாராளம். நான் வாயைத் திறந்தால் நடுவர் கேட்டுத்தான் ஆகவேண்டும். கூண்டிலிருந்து ஜோஷ்வா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்லைங்கம்மா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.