அந்தக் குரல் மட்டும் போதும்

“போன் போனா போகட்டும்மா. உள்ள என் வீட்டுக்காரி குரல் இருக்கு, அது போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

சொல்லிக்கொண்டே போனை நீட்டினார் வந்தவர். போன் ரிப்பேர் கடையின் கண்ணாடி மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வீட்டில் கட்டிக் கொடுத்த டிபன் டப்பா மடியில் திறக்காமலே இருந்தது.

கடைக்காரிக்கு அந்தத் தெருவில் டாக்டரம்மா என்று பெயர். செத்த போனையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவாள் என்று ஒரு பேச்சு. அவளும் அதை மறுத்ததில்லை.

அந்தப் பழைய போனை வாங்கி அழுத்திப் பார்த்தாள். கம்பெனிப் பெயர் வந்தது, அணைந்தது, மறுபடியும் வந்தது. அதற்கு மேல் நகர்வேனா என்று அடம் பிடித்தது.

“ஃபர்ம்வேர் கெட்டுப்போச்சு சார். போனை ஓட்டுறதே அதுதான். கம்ப்யூட்டர்லேர்ந்து புதுசா ஏத்தினா எழுந்துக்கும். ஆனா உள்ள இருக்கிறதை எல்லாம் துடைச்சுட்டுத்தான் ஏறும்.”

“ஐயோ, துடைக்கவே கூடாது! தினமும் அதை ஒரு தடவை கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். இனிமே அவ வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை வருமாம்மா?”

டாக்டரம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. சொந்தப் பதிவுகள் இருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஏற்ற ஒரு வழி உண்டு. என்ன, பாதியில் தொடர்பு அறுந்தால் மொத்தமும் அம்பேல்!

மற்ற வேலைகளை ஓரங்கட்டினாள். அந்த மாடலுக்கான ஃபர்ம்வேரைத் தேடி இறக்கி, சரிதானா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். பட்டன்களை அழுத்தியபடியே கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் போனை அடையாளம் கண்டுகொண்டது.

ஆனால் போனின் சார்ஜ் ஓட்டை ஆடிப் போயிருந்தது. கேபிளைத் தொட்டாலே தொடர்பு விட்டு விட்டு வந்தது. வேறு வழியில்லாமல் வலது கட்டை விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏற்றத் தொடங்கினாள்.

திரையில் பச்சைக் கோடு ஆமை வேகத்தில் ஊர்ந்தது. எதிரே இருந்தவர் மூச்சு விடவும் பயந்தவராய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன் வீட்டுக்காரர் நினைவு வந்தது.

வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லை. “குழாய்க்கு ஆளைக் கூப்பிடலாம்” என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். “நானே பாத்துக்கறேன்” என்று கழற்றி, சமையலறையைக் குளமாக்கியது இவள்தான்; ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

‘இருக்கும்போதே நாலு வார்த்தை நல்லபடியாப் பேசாம, அப்படி என்ன வீம்பு?’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வலது கை சிக்கியிருந்ததால் எழுத முடியவில்லை. இடது கையால் தன் போனை எடுத்து, கிசுகிசுப்பாகப் பேசி, குரலாகவே வீட்டுக்காரருக்கு அனுப்பினாள்.

“என்னங்க... குழாய் விஷயத்துல தப்பு என் மேலதான். நீங்க சொன்னதுதான் சரி.”

அனுப்பியதும் மனசு லேசாகிவிட்டது. கட்டை விரல் மரத்துப் போனபோது பச்சைக் கோடும் கடைசியைத் தொட்டது. போன் கம்பெனிப் பெயரைக் காட்டி, கொஞ்சம் யோசித்து, அப்பாடா என்று திறந்தது.

அவர் பாய்ந்து அதை வாங்கினார். எதையோ தேடி அழுத்தினார். கணீரென்று ஒரு பெண் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“சரி சரி, நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என் மேலதான். போதுமா?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எவ்வளவு நல்ல குரல்! அவங்க தவறி எத்தனை நாளாச்சு சார்?”

“யாரு? வாயைக் கழுவும்மா! வீட்டுல குத்துக்கல்லாட்டம் இருக்கா!” என்று பதறினார் அவர். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ தப்பை ஒத்துக்கிட்டது இந்த ஒரே தடவைதான். ஒவ்வொரு சண்டைக்கும் இதைப் போட்டுக் காட்டித்தானே நான் காலத்தை ஓட்டுறேன்!”

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அனுப்பியதை அழித்துவிடலாம் என்று அவசர அவசரமாகத் தன் போனை எடுத்தாள். அதற்குள் வீட்டுக்காரரிடமிருந்து குரலிலேயே பதில் வந்திருந்தது; கை பட்டு அது பேசத் தொடங்கியது.

“கேட்டுட்டேன் மகாராணி, மூணு இடத்துல காப்பி எடுத்து வச்சாச்சு!”