திறக்கலாமா?

படிக்கட்டின் சின்ன ஜன்னல் வழியே வரும் மாலை வெயில் கதவின் சாவித்துளைமேல் நிற்கிறது. குண்டுக் கிடங்கில் வேலை முடிந்து வந்தவர் சாவியை நுழைத்து, திருப்பாமல், "திறக்கலாமா?" என்கிறார். கிடங்கில் எந்தப் பூட்டையும் ஒருவர் மட்டும் திறக்கக் கூடாது. ஒருவர் கேட்க வேண்டும், கூட நிற்பவர் "திறக்கலாம்" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆளின் தூக்கக் கலக்கத்தில் ஊரே எரிந்துவிடக் கூடாது அல்லவா? இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு அது வீட்டுக் கதவுக்கும் வந்துவிட்டது. "திறக்கலாம், திறக்கலாம். இங்க வெடிக்கிற ஒரே ஆள் நான்தான்" என்று உள்ளிருந்து மனைவி கத்துவாள். அவள் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது.

காய்கறிப் பையோடு ஏறிவரும் எதிர்வீட்டுப் பெண் நிற்கிறாள். "என்னண்ணே, பூட்டு மக்கர் பண்ணுதா?" "இல்லம்மா, பூட்டு நல்லாத்தான் இருக்கு." "அப்புறம் ஏன் வெளியவே நிக்கிறீங்க?" கையிலிருக்கும் ரொட்டிப் பொட்டலத்தை அவர் மறுகைக்கு மாற்றிக்கொள்கிறார். "சும்மாதான்." அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எங்கோ குழாய் சொட்டுகிறது. தன் வீட்டிலா என்று காது கொடுத்துக் கேட்கிறார். இல்லை. வெயில் சாவியை விட்டு மேலே ஏறிவிட்டது. பத்து எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் சாவியை உருவிக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்க வேண்டும் என்பது கிடங்கின் விதி. அவர் பத்துவரை எண்ணுகிறார். இன்னொரு பத்தும் எண்ணிப் பார்க்கிறார். பிறகு சாவியை உருவிக்கொண்டு, தன் வீட்டு வாசலிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கிறார்.