பதிமூன்று ஜோடி

மணி பத்து இருபதுக்கே அடித்தது.

தீ விபத்து ஒத்திகை பதினொன்றுக்குத்தானே என்று நினைப்பதற்குள் வயர் கருகும் நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. ஒத்திகை இல்லை. நிஜம்.

"ஜோடி!" என்று கத்தினேன்.

அந்த ஒரு சொல் போதும். என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு எழுந்தார்கள். படியில் எவ்வளவு புகை என்று பார்க்க நான் முன்னால் இறங்கினேன். அவர்கள் பின்னாலேயே வந்தார்கள். ஒருவர்கூட அழவில்லை.

மைதானத்தில் எண்ணினேன். பதிமூன்று ஜோடி.

யாருக்காவது ஜோடியைக் காணோமா என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் என் வகுப்புக்கு நேரே டிக் போட்டார்.

இந்த ஜோடி ஏற்பாடு என் மூளையில் உதித்தது. போன வருடம் ஒருவன் இடைவேளை முழுக்கத் தண்ணீர்க் குழாயடியில் தனியாக நிற்பான். இன்னொருத்திக்குத் தினமும் காலையில் வயிற்றுவலி. மருத்துவர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்.

ஆளுக்கொரு ஜோடி போட்டுவிட்டேன். சாப்பிட, தண்ணீர் குடிக்க, விளையாட எல்லாவற்றுக்கும் ஜோடி. இரண்டே வாரத்தில் வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. எல்லா வகுப்பும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றார் தலைமையாசிரியை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த வருடம் இருபத்தேழு பேர். ஒருத்தி மிச்சம்.

மிஞ்சுகிற பிள்ளைக்கு டீச்சரே ஜோடியாகிவிட வேண்டியதுதான். வேறு எந்தப் பிள்ளை மிஞ்சியிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். இவளுக்குச் செய்யவில்லை. பாரபட்சம் என்ற பேச்சு ஒருவர் வாயிலும் வந்துவிடக் கூடாது என்று பயம். எந்த ஜோடியோடாவது ஒட்டிக்கொள் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் அவளுக்கு எக்ஸ்ட்ரா என்று பெயர் வைத்தார்கள். காதில் விழுந்தது. விழாத மாதிரி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள், அதனால் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வகுப்பின் வாயாடி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மிஸ், எக்ஸ்ட்ரா வரலை."

வரிசையை மறுபடி பார்த்தேன். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். நேற்று விழுந்த முன்பல் சந்து தெரிய யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை.

அவளை எப்படி விட்டேன்? எல்லாப் பிள்ளையையும் பார்க்கிற கண், அவளிருக்கும் பக்கம் மட்டும் போகாது. நான்தான் அப்படிப் பழக்கிவைத்திருந்தேன்.

ஓடினேன். மேலே போகாதீர்கள் என்று வாட்ச்மேன் குறுக்கே வந்தார். அவரைத் தள்ளினேனா, சுற்றிக்கொண்டு போனேனா, இப்போதும் நினைவில்லை.

படிக்கட்டில் புகை முன்பைவிடத் தடித்திருந்தது. கண் எரிந்தது. இருபத்திரண்டு படிதான், தினமும் ஏறுகிற படிதான், முடியவே இல்லை. கடவுளே, பெஞ்சுக்கு அடியில் ஒளிந்திருக்கக் கூடாது. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டிருக்கக் கூடாது. மயங்கி விழுந்திருக்கக் கூடாது. அவளுக்கு ஏதாவது ஆனால் நான் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும்?

வகுப்பறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

வாசலுக்கு உள்ளே. இரண்டு கால் விரல்களும் நிலைப்படியைத் தொட்டபடி இருந்தன. ஒரு அங்குலம்கூடத் தாண்டவில்லை. இருமிக்கொண்டிருந்தாள், ஆனால் நகரவில்லை.

தன் இடது கையைத் தன் வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஜோடி கையைப் பிடிக்காமல் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. அந்த விதியைக் கரும்பலகையில் எழுதியது நான். வாரம் முழுக்க வகுப்பையே உரக்கச் சொல்லவைத்ததும் நான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது அவள்தான்.

அள்ளித் தூக்கினேன். என் முந்தானையால் அவள் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு இறங்கினேன். கால் எங்கே படுகிறது என்று தெரியவில்லை. அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது என் நெஞ்சில் கேட்டது.

வெளிச்சத்துக்கு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மீட்டர் பெட்டி மட்டும்தான், அணைத்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை, வாட்ச்மேன், பதிமூன்று ஜோடி, எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அவர்களைப் பார்த்தாள். சட்டென்று என் கழுத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். வகுப்பில் கேள்வி கேட்கிற மாதிரி ஒரு விரலை உயர்த்தினாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"மிஸ், வீட்டுக்குப் போய்த்தான் கூப்பிடணுமா? இன்னிக்கு மட்டும் இங்கயே அம்மான்னு கூப்பிடட்டுமா?"