தண்ணீரில் கண்டம்

கடைசிப் படியில் நின்றுகொண்டு மகள் திரும்பிப் பார்த்தாள்.

காலுக்குக் கீழே தாமிரபரணி. வீட்டிலிருந்து நடந்து வருகிற தூரம்தான். பதினேழு வயதாகிறது, இன்றுவரை அதில் கால் நனைத்ததில்லை.

"வாட்டி உலகம்மை. இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு நானே மெதக்கேன், நீ மெதக்க மாட்டியா?" கழுத்தளவு நீரில் நின்று அத்தைக்காரி சீண்டினாள்.

மகள் அத்தையைப் பார்க்கவில்லை. அம்மா சொல்லட்டும் என்று நின்றாள்.

கரையில் நின்ற அம்மாவுக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவள் சொன்ன பொய் அது. சாயங்காலமானால் தெருப் பிள்ளைகளெல்லாம் ஆற்றுக்கு ஓடும். மகளும் ஓடப் பார்ப்பாள். டியூஷன் என்ன ஆவது? அதட்டியும் அடங்கவில்லை. ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் இருக்கிறதாம் என்று ஒருநாள் வீட்டில் சொல்லிவைத்தாள்.

ஜோசியர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

வீடு அந்தப் பொய்க்குக் கண், காது, மூக்கு வைத்தது. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார்கள். மகள் வாளித் தண்ணீரைக்கூடத் தள்ளி நின்று மொண்டாள்.

நன்றாகப் படித்தாள். வகுப்பில் முதலாவதாக வந்தாள். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் மகளுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு பேச்சும் போயிற்று. கடித்துக் கடித்து நகமே இல்லாமல் விரல்கள் புண்ணாகின.

"பக்கத்துல ஆறு இருக்குல்லா? கொஞ்ச நாள் புஸ்தகத்த மூடி வச்சிட்டு, பிள்ளைய தண்ணில விளையாட விடுங்க" என்றார் டாக்டர்.

"எறங்குட்டி" என்றாள் அம்மா இப்போது. "கண்டம் கழிஞ்சிட்டுன்னு ஜோசியரு சொல்லிட்டாரு."

ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்.

முழங்கால். இடுப்பு. அத்தை கையைப் பிடித்து இழுக்க, மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு முங்கினாள். எழுந்தபோது வாயெல்லாம் தண்ணீர். துப்பிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சத்தம் அம்மாவுக்கு மறந்தே போயிருந்தது.

சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் இத்தனை வருஷமும் இந்த ஆறு இங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் உறைக்கும்வரை மகள் கரையேறவில்லை. ஏறியதும் பசிக்கிறது என்றாள்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே சொல்லிவிட வேண்டும். துண்டால் மகளின் தலையைத் துவட்டியபடி அவள் வாயெடுத்தாள்.

மகள் முந்திக்கொண்டாள். ஈரக் கையால் அம்மாவின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னப்பிள்ளையில ஆத்துக்குப் போணும்னு எவ்வளவு அழுதிருக்கேன். அப்ப நீ விட்டிருந்தா நான் செத்துல்லா போயிருப்பேன். இல்லியாம்மா?"

துவட்டிய கை நின்றது.

"ஆமாட்டி" என்றாள் அவள்.